இதயத்துக்கு எழுப்பும் உரிமை இல்லை

அந்த ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டாள் உயரத்துக்கு ஒரு பலகை நிக்குது. மேல 'இன்று நாம் சேமித்த மின்சாரம்'னு எழுத்து. கீழ ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும். பட்டப்பகல்ல, மண்டையைப் பிளக்கற வெயில்ல, அந்தப் பலகையைச் சுத்திப் பல்பு எரியும். அதுக்குப் போற கரண்ட்டைத் திருப்பி விட்டா எங்க தெரு முழுக்கப் பளிச்சுன்னு இருக்கும். அதைப் பார்த்தப்பவே நான் உஷாராயிருக்கணும். பொண்டாட்டி மயங்கி விழுந்துட்டான்னு தலைதெறிக்க ஓடி வர்றவன் கண்ணுல பலகையா படும்?

நான் லாரி ஓட்டறவன். அவ துணி ஃபேக்டரியில தைக்கறவ. அன்னைக்குக் காலையில கையில பிடிச்ச துணியோட அப்படியே மிஷின் மேல சரிஞ்சிருக்கா. கூட வேலை செய்யறவங்க தூக்கிட்டு வந்து சேர்த்துட்டாங்க. நான் வந்தப்போ நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டிப் படுத்திருந்தா. என்னைப் பார்த்ததும் "லோடை இறக்கிட்டீங்களா?"ன்னு கேட்டா. சாகக் கிடக்கறப்போ கேக்கற கேள்வியைப் பாருங்க.

டாக்டரம்மா நல்லவங்க. நின்னு, எனக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. இவ இதயம் நல்லாத்தான் ஓடுதாம். ஆனா திடீர் திடீர்னு துடிக்க மறந்துடுதாம். மறந்தது தானா ஞாபகம் வந்துட்டா வெறும் மயக்கம். வரலைன்னா அவ்வளவுதான். தோலுக்கடியில ஒரு சின்னப் பெட்டி வெச்சுட்டா பயம் இல்லை, ஆனா அது வெளியிலேர்ந்து வரணும், ரெண்டு மூணு நாள் ஆகும்னாங்க. அதுவரைக்கும்னு கேட்டேன். சிஸ்டரோட மேஜை மேல இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினாங்க. ஆறு படுக்கைக்கும் ஆறு பச்சைக் கோடு ஓடிட்டிருந்தது.

"துடிப்பு நின்னா இது மணி அடிக்கும். அடிச்சா நாங்க ஓடி வந்துடுவோம். பெட்டி வர்ற வரைக்கும் இந்த மணிதான் உங்க வீட்டம்மாவுக்கு உயிர்" அப்படின்னாங்க.

சரின்னு அந்த மேஜையையே பார்த்துட்டு உட்கார்ந்தேன். வார்டு சிஸ்டர் ஒரு விசித்திரமான வேலை பண்ணிட்டிருந்தாங்க. ஒருத்தருக்கு ஊசி போடுவாங்க, ஓடி வந்து மௌஸைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுவாங்க. இன்னொருத்தருக்கு மாத்திரை கொடுப்பாங்க, மறுபடி ஓடி வந்து ஒரு ஆட்டு. தொட்டிலை ஆட்டினா குழந்தை தூங்கும். இவங்க எதுக்கு ஆட்டறாங்கன்னு தெரியாம கேட்டேன்.

அப்பத்தான் சொன்னாங்க. புதுசா 'மின்சிக்கனப் பிரிவு'ன்னு ஒண்ணு வந்திருக்காம். யாரும் அஞ்சு நிமிஷம் தொடலைன்னா கம்ப்யூட்டர் எல்லாம் தானா தூங்கிடணும்னு உத்தரவாம். "நாங்க பார்த்துட்டே தானே இருக்கோம்னு எழுதிக் கொடுத்தேன். பார்க்கறது கணக்குல வராதாம். தொட்டாத்தான் கணக்காம்" அப்படின்னு சொல்லிட்டே மௌஸை ஆட்டிட்டு ஓடினாங்க.

நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு மணிக்கணக்குல அசையாம உட்கார்ந்திருக்கறவன். அப்ப நான் தூங்கறேனா? கண்ணு ரோட்டுல இருக்கு, அதுதான் என் வேலையே. இந்தச் சின்ன விஷயம் ஒரு பிரிவு முழுக்க உட்கார்ந்து யோசிச்சும் புரியலையான்னு அப்பவே எரிச்சலா வந்துச்சு. ஆனா நாம யாரு கேக்க?

அன்னைக்கு மத்தியானம் நடந்ததைச் சொல்றேன். நான் அவளுக்குக் கஞ்சி ஊட்டிட்டிருந்தேன். அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்லைன்னு சொல்லிட்டே இருந்தவ, பாதிப் பேச்சுல நிறுத்திட்டா. கண்ணு மேல போயிடுச்சு. நான் திரும்பி மேஜையைப் பார்த்தேன். மணி அடிக்கலை. ஸ்கிரீன் கும்முனு இருட்டா இருந்துச்சு. சிஸ்டர் கடைசிப் படுக்கையில ஒரு தபால்கார தாத்தாவுக்கு ஊசி ஏத்திட்டிருந்தாங்க, மௌஸ் பக்கம் வர நேரமாயிடுச்சு.

நான் கத்தினேன். அவங்க ஓடி வந்தாங்க. வர்ற வழியில கை பழக்கத்துல மௌஸை ஒரு தட்டு. ஸ்கிரீன் எழுந்துச்சு. ஆறு பச்சைக் கோடு. என் பொண்டாட்டி கோடு ஜம்முனு ஏறி இறங்கிட்டிருந்தது. சிஸ்டர் ஒரு நொடி நின்னுட்டாங்க. ஸ்கிரீனைப் பார்த்தாங்க, இவளைப் பார்த்தாங்க, மறுபடி ஸ்கிரீனைப் பார்த்தாங்க. அந்த ஒரு நொடியை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். அப்புறம் பாய்ஞ்சு வந்து நெஞ்சை அமுக்கினாங்க. அமுக்க அமுக்க, அவ ஒரு பெருமூச்சு விட்டுக் கண்ணைத் திறந்து, "கேஸை அணைச்சுட்டேன், இப்ப ஞாபகம் வந்துடுச்சு"ன்னா. எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியலை. 

மச்சினியை வரச் சொல்லி அவளைப் பக்கத்துல உட்கார வெச்சுட்டு, நேரா கம்ப்யூட்டர்காரர் ரூமைத் தேடிப் போனேன். கீழ்த்தளத்துல, படிக்கட்டுக்குப் பின்னாடி இருக்கு. மனுஷன் பயந்த சுபாவம், ஆனா பொய் சொல்லத் தெரியாதவர். உட்கார வெச்சு விவரமா சொன்னார். தூக்கத்துல பல படி இருக்காம். முதல்ல ஸ்கிரீன் அணையும். அப்புறம் உள்ள இருக்கற பாகம் ஒவ்வொண்ணா அடங்கும். கடைசியில ஞாபகத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டா கரண்ட் போகும், தூங்கறதுக்கு முன்னாடி எதைப் பார்த்துதோ அதை மறக்காம வெச்சிருக்க. அதுக்கும் மேல ஆழ்ந்த தூக்கம்னு ஒண்ணு. ஞாபகத்தையும் எழுதி உள்ளே வெச்சுட்டு மொத்தமா அணைஞ்சுடும்.

"அப்ப எழுந்தவுடனே ஓடுச்சே ஒரு கோடு?"

"அது தூங்கறதுக்கு முன்னாடி துடிச்ச துடிப்புங்க. படுக்கையிலேர்ந்து புதுசு வந்து சேர்ற வரைக்கும் பழசைத்தான் காட்டும்."

நிதானமா இருடான்னு எனக்கு நானே சொல்லிட்டு அடுத்ததைக் கேட்டேன். மௌஸைத் தொட்டா எழுந்திரிக்குது, சரி. படுக்கையிலேர்ந்து ஒயர் வழியா துடிப்பு வருதே, அது வந்து எழுப்பாதா?

முதல்ல அப்படித்தான் இருந்துச்சாம். எந்தப் பாகம் எழுப்பலாம், எது எழுப்பக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு உரிமை உண்டாம். இதய வார்டு ஒயருக்கும் அந்த உரிமை இருந்துச்சாம். ஆனா ஒவ்வொரு துடிப்புக்கும் கம்ப்யூட்டர் எழுந்துச்சாம், அதனால தூங்கவே இல்லையாம். சிக்கனப் பிரிவு, இந்த ஆஸ்பத்திரியில யார் அதிகமா எழுப்பறாங்கன்னு கணக்கெடுத்தப்போ முதல் ஆறு இடமும் இந்த ஆறு படுக்கைக்குக் கிடைச்சதாம். 'தேவையற்ற தொந்தரவு'ன்னு போட்டு உரிமையை எடுத்துட்டாங்களாம்.

"இதயம் துடிக்கறது தொந்தரவா?"ன்னு கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார். "ரொம்ப அடிக்கடி துடிக்குதுன்னாங்க."

அந்தப் பிரிவுக்குத் தலைவர், சிக்கன இயக்குநர். அவரைப் பார்க்கறதுன்னா சும்மா இல்லை. வெளியில காத்திருந்து, உள்ளே போனா, நீளமான மேஜை, தடிமனான திரைச்சீலை, வெளிச்சம்னு ஒரு பொட்டு வெளியிலேர்ந்து வராது. மேஜையைச் சுத்தி அஞ்சாறு அதிகாரிங்க. அவங்க நடுநடுவுல கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டாங்க. கொசு அடிக்கறாங்கன்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது. யாரும் அசையலைன்னா ரூம் லைட் அணைஞ்சுடும். அதுக்காக, பேசிட்டே ஆட்டறாங்க. ஒருத்தர் கொட்டாவி விட்டுட்டே ஆட்டினார்.

நடந்ததைச் சொன்னேன். இயக்குநர் கோபப்படலை. அதுதான் இன்னும் கடுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சிரிச்சுட்டே சொன்னார்.

"பாருங்கள். கணினி சாகவில்லை, தூங்குகிறது. சாவுக்கும் தூக்கத்துக்கும் உள்ள வேறுபாடு பொதுமக்களுக்குச் சட்டென்று பிடிபடாது. அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்."

பிடிபடாதாம். மத்தியானம்தான் அந்த வேறுபாட்டை ஒரு முழத் தூரத்துல பார்த்துட்டு வந்திருக்கேன். அதைச் சொன்னேன். அவர் காதுல வாங்கினாரா என்னன்னு தெரியலை. எழுந்தவுடனே திரை நல்ல துடிப்பைக் காட்டுச்சா இல்லையான்னு கேட்டார். காட்டுச்சு, ஆனா பழசைன்னேன்.

"நல்ல துடிப்புத்தானே? அப்படியானால் எங்கள் பக்கம் குறை எதுவும் இல்லை. நோயாளிதான் திரையோடு ஒத்துப்போகவில்லை."

சுத்தி இருந்தவங்க எல்லாம் தலையை ஆட்டினாங்க. ஒப்புக்கு ஆட்டினாங்களா, லைட்டுக்கு ஆட்டினாங்களான்னு கேக்காதீங்க. கடைசியா அவர் ஒரு வழி சொன்னார். இதய வார்டுக்குத் தூங்காம இருக்க அனுமதி வேணும்னா அந்த வார்டு கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பிக்கலாமாம். கொடுப்பாங்களாம். அந்தக் கம்ப்யூட்டர் அடுத்த தடவை தூங்கற வரைக்கும் அது செல்லுமாம்.

வெளியில வந்து, இனிமே இவங்களை நம்பிப் பிரயோசனம் இல்லைன்னு முடிவு பண்ணினேன். ஒரு ஸ்டூலை இழுத்து சிஸ்டர் மேஜைகிட்டப் போட்டு, மௌஸை நானே பிடிச்சுட்டேன். எனக்குத் தூங்காம இருக்கறதா கஷ்டம்? நான் எழுந்து போனா மச்சினி. அவ வாய்க்காரி, மௌஸை ஆட்டிட்டே சிக்கன இயக்குநர் பரம்பரையையே இழுத்து வெச்சுத் திட்டுவா. தபால்கார தாத்தா மக, எதிர்ப் படுக்கைப் பையனோட அம்மா, எல்லாரும் முறை வெச்சு வந்தாங்க. சிஸ்டர் முதல் தடவையா ஒரு ஊசியை அவசரப்படாம போட்டாங்க. பொண்டாட்டி படுத்த படுக்கையிலேர்ந்து பார்த்துச் சிரிச்சா. "லாரிக்காரருக்கு ஆபீஸ் உத்தியோகம் கிடைச்சிருக்கு" அப்படின்னா.

ஒரு நாள்தான் அந்த நிம்மதி. மறுநாள் காலையில சிக்கனப் பிரிவிலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்க. இதய வார்டு கம்ப்யூட்டர் நேத்து சாயந்திரத்திலேர்ந்து ஒரு தடவை கூடத் தூங்கலையாம், மொத்த ஆஸ்பத்திரியிலேயே கடைசி இடமாம். என் கையில மௌஸைப் பார்த்துட்டு ஒருத்தர் முகம் கறுத்துப் போச்சு. நான் அதுல என்ன வேலை பண்றேன்னு கேட்டார். ஒண்ணும் பண்ணலைங்க, ஆட்டறேன்னேன். "வேலை இல்லாமல் தொடுவது பொய் விழிப்பு. மருத்துவமனையை ஏமாற்றுவதற்குச் சமம்" அப்படின்னு சொல்லி, என்னை எழுப்பி விட்டார். மச்சினி, "ஏன் சார், நீங்க கையை ஆட்டி லைட்டை எரிய விடறீங்களே, அதுக்கு என்ன பேரு?"ன்னு கேட்டா. அதுக்குப் பேர் அலுவல்னார்.

அதோட விட்டாங்களா? பொய் விழிப்பு மனுஷங்ககிட்டயும் இருக்குன்னு அவங்களுக்கு அப்பத்தான் தோணிச்சாம். அன்னைக்கே வேலை செய்யற எல்லார் மணிக்கட்டுலயும் ஒரு பட்டையை மாட்டினாங்க. கை அசையலைன்னா அந்த ஆள் தூங்கறதா கணக்கு. தூங்கறவங்க பேர் பலகையில வரும். அவ்வளவுதான், ஆஸ்பத்திரி தலைகீழா ஆச்சு. ஒரு நோயாளியை உத்துப் பார்த்துட்டு நின்ன சிஸ்டர் தூங்கறவங்க ஆயிட்டாங்க. ஒரே போர்வையை மடிச்சு, பிரிச்சு, மறுபடி மடிச்சுட்டிருந்த ஆயாவுக்கு 'விழிப்பு மிக்க ஊழியர்'னு கைதட்டல். டாக்டரம்மா என் பொண்டாட்டி நெஞ்சுல குழாயை வெச்சுக் கேக்கறப்போ இடது கை கேட்டுட்டிருந்தது, பட்டை கட்டின வலது கையை விசிறி மாதிரி ஆட்டிட்டே இருந்தாங்க. அவங்க கண்ணுல தண்ணி நின்னுது. அவமானத்துலயா கோபத்துலயான்னு நான் கேக்கலை.

லிஃப்ட்டையும் விடலை. உள்ளே யாரும் அசையலைன்னா நடுவழியில நின்னுடும். அதனால ஏறறவங்க எல்லாம் குதிச்சுட்டே போறாங்க. ஸ்ட்ரெச்சர்ல கால் உடைஞ்சு கிடந்த ஒருத்தர்கிட்ட, கொஞ்சம் காலை ஆட்டுங்கன்னு லிஃப்ட்காரர் கெஞ்சினதை இந்தக் கண்ணால பார்த்தேன். ஆபரேஷன் தியேட்டருக்கு மட்டும் விலக்கு. அங்க எப்பவும் கை ஆடிட்டேதான் இருக்குமாம்.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு அவசரம்னா, அடுத்த நாள் விழா. நாட்டிலேயே அதிகமா தூங்கற ஆஸ்பத்திரின்னு விருது. நான் சொல்லலைங்க, வாசல்ல அப்படியேதான் எழுதியிருந்தாங்க, கொஞ்சம் கௌரவமான வார்த்தையில.

விழா அன்னைக்குக் காலையில இவளுக்கு ரெண்டு தடவை நின்னுச்சு. முதல் தடவை தானா ஞாபகம் வந்துச்சு. ரெண்டாவது தடவை சிஸ்டர் அமுக்கித்தான் வந்துச்சு. டாக்டரம்மா, இனி தள்ளிப்போட முடியாது, பெட்டி நேத்து ராத்திரி வந்து ஸ்டோர்ல இருக்கு, இப்பவே எடுத்துட்டு வரச் சொல்லி வெச்சுடறேன்னாங்க. எனக்கு அப்பத்தான் மூச்சு வந்துச்சு.

அந்த நேரம் பார்த்துச் சிக்கனப் பிரிவு ஆளுங்க வந்து மௌஸையும் கீபோர்டையும் பிடுங்கிட்டுப் போனாங்க. விருந்தாளிங்க உள்ளே நுழையறப்போ மொத்த ஆஸ்பத்திரியும் ஆழ்ந்த தூக்கத்துல இருக்கணுமாம், பலகை நம்பர் ஒரே தாவா தாவணுமாம். இதய வார்டுமான்னு சிஸ்டர் கேட்டாங்க. பாரபட்சம் கிடையாதுன்னு பதில். ஆறு கோடும் ஒண்ணா அணைஞ்சுது. சிஸ்டர் ஒரு நிமிஷம் அசையாம நின்னாங்க. அப்புறம் பட்டையைக் கழட்டி மேஜை மேல எறிஞ்சுட்டு, ஆறு படுக்கைக்கும் துணைக்கு இருந்தவங்களைக் கூப்பிட்டு, நாடி எங்க பார்க்கணும்னு விரலைப் பிடிச்சு வெச்சுக் காட்டினாங்க. நின்னா கத்துங்க, அவ்வளவுதான்னாங்க. நான் இவ மணிக்கட்டைப் பிடிச்சேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவ்வளவு நேரம் நான் அந்தக் கையைப் பிடிச்சதில்லை.

பெட்டி வரலை. டாக்டரம்மாவே ஸ்டோருக்கு ஓடினாங்க. கொஞ்ச நேரம் பார்த்தேன், பொறுக்கலை, மச்சினி கையில நாடியைக் கொடுத்துட்டு நானும் ஓடினேன். ஸ்டோர் வாசல்ல டாக்டரம்மா, ஸ்டோர்காரர், கம்ப்யூட்டர்காரர் மூணு பேரும் ஒரு மூடின கதவைப் பார்த்துட்டு நிக்கறாங்க. சாவி கிடையாதாம், கம்ப்யூட்டர்தான் திறக்கணுமாம். அது ஆழ்ந்த தூக்கத்துல இருக்கு. அதை எழுப்ப மெயின் கம்ப்யூட்டரால முடியும். அதுவும் தூங்குது. பட்டனை அமுக்க வேண்டியதுதானேன்னேன். பட்டன் இருக்கற ரூமையும் அதே கம்ப்யூட்டர்தான் திறக்கணுமாம்.

"சரிங்க, மெயினை யார் எழுப்பலாம்?"

"ஸ்டோர் கம்ப்யூட்டர் மட்டும்தாங்க" அப்படின்னார் கம்ப்யூட்டர்காரர், அழாத குறையா. "மத்ததெல்லாம் அதை அடிக்கடி எழுப்புச்சு. ஸ்டோர் மட்டும் ஒரு தடவை கூட எழுப்பலை. நல்ல நடத்தைன்னு அதுக்கு மட்டும் உரிமையை விட்டு வெச்சாங்க."

அதாவது, இவன் எழுந்தா அவனை எழுப்புவான். அவன் எழுந்தா இவனை எழுப்புவான். ரெண்டு பேரும் தூங்கறானுங்க. நடுவுல ஒரு கதவு. கதவுக்குப் பின்னாடி என் பொண்டாட்டி உயிர், அட்டைப் பெட்டியில.

நான் மறுபேச்சு பேசலை. வெளியில நிறுத்தியிருந்த லாரிக்கு ஓடினேன். அன்னைக்கு எல்லா வராண்டாவுலயும் ஸ்பீக்கர் கட்டி இயக்குநர் பேச்சை ஒலிபரப்பிட்டிருந்தாங்க. அந்த ஸ்பீக்கர் மட்டும் தூங்கலை, பாருங்க. "இந்த நிமிடம், இந்த மருத்துவமனையில், எதுவும் அநாவசியமாக விழித்திருக்கவில்லை" அப்படின்னார். ஒரே கைதட்டல். பட்டை கட்டின கைங்க, தட்டாம இருப்பாங்களா? நான் சீட்டுக்கு அடியிலேர்ந்து வீல் ஸ்பேனரையும் ஜாக்கி ராடையும் உருவிட்டு அந்தக் கைதட்டலுக்கு நடுவுலயே திரும்பி ஓடினேன். துருப்பிடிச்ச நட்டெல்லாம் கழட்டின கை. ராடைக் கதவிடுக்குல கொடுத்து ஒரு மிதி. ரெண்டாவது மிதி. மூணாவதுக்குக் கதவு வாயைப் பிளந்துச்சு. டாக்டரம்மா உள்ளே பாய்ஞ்சு பெட்டியை எடுத்துட்டு, செருப்பை விட்டுட்டு ஓடினாங்க.

நாங்க வார்டுக்குள்ள நுழையறப்போ மச்சினி கத்திட்டிருந்தா. சிஸ்டர் நெஞ்சை அமுக்கிட்டிருந்தாங்க. அப்படியே அமுக்கிட்டே தியேட்டருக்குத் தள்ளிட்டுப் போனாங்க. லிஃப்ட்ல போகலை. நாலு பேர் தூக்கிட்டுப் படியேறினோம்.

பிழைச்சுட்டா.

அதை இப்படி ஒரு வார்த்தையில சொல்லிட்டேன். தியேட்டர் வாசல்ல நான் தரையில உட்கார்ந்திருந்த நேரத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது. வெளியில வந்த டாக்டரம்மா என் பக்கத்துலயே தரையில உட்கார்ந்துட்டாங்க. அந்தப் பெட்டி எப்படி வேலை செய்யும்னு கேட்டேன். இதயம் தானா துடிக்கற வரைக்கும் அது குறுக்க வராதாம், கரண்ட்டை மிச்சம் பிடிச்சுட்டுச் சும்மா இருக்குமாம். ஆனா ஒவ்வொரு துடிப்பையும் காது கொடுத்துக் கேட்டுட்டே இருக்குமாம். ஒண்ணு தவறினா போதும், தட்டி எழுப்பிடுமாம். இதுவும் சிக்கனம்தான், வருஷக்கணக்குல ஒரே பேட்டரியில ஓடும்னாங்க.

விசாரணைன்னு என்னைக் கூப்பிட்டாங்க, அவ வீட்டுக்குக் கிளம்பற அன்னைக்கு. நானும் வர்றேன்னு இவளும் ஒரே பிடிவாதம். அதே இருட்டு ரூம், அதே மேஜை. மேஜையோட ஒரு ஓரத்துல புதுசா விருதுக் கோப்பை. போட்டோக்காரர் வரப்போறார்னு இயக்குநர் தன் நாற்காலியை விட்டுட்டுக் கோப்பைக்குப் பக்கத்துல வந்து உட்கார்ந்திருந்தார். யாரும் கை ஆட்டலையேன்னு பார்த்தேன். அவரே பெருமையா சொன்னார். கண்ட கண்டவரெல்லாம் கையாட்டி விளக்கை எழுப்பறது வீண்செலவாம். இனி இந்த அறையில இயக்குநர் நாற்காலியில அசைஞ்சா மட்டும்தான் லைட் எழுந்திரிக்குமாம், எழுப்பும் உரிமை வேற யாருக்கும் கிடையாதாம். விருதுக்கு அப்புறம் செஞ்ச முதல் சீர்திருத்தம்.

குற்றத்தை வாசிச்சாங்க. ஆழ்ந்த உறக்கத்தில் இருந்த கதவை வன்முறையால் எழுப்பியது. இயக்குநர் அதே சிரிப்போட, அந்தக் கதவு முறைப்படி தானே எழுந்திருக்கும், நீங்கள் காத்திருக்கவில்லைன்னார். எப்ப எழுந்துச்சுங்கன்னு கேட்டேன். மூலையில நின்ன கம்ப்யூட்டர்காரர், தன்னை மறந்து, "இன்னும் எழலைங்க"ன்னுட்டார்.

அப்பத்தான் இவ வாயைத் திறந்தா. சத்தம் போடலை. தையல் மிஷின்ல பக்கத்து ஆள்கிட்டப் பேசற குரல்லயே சொன்னா.

"ஐயா, என் நெஞ்சுக்குள்ள ஒரு பெட்டி இருக்கு. நான் துடிக்கறப்போ அது பேசாம இருக்கும், நான் நின்னா எழுந்திரிக்கும். உங்க பெட்டிங்க நான் துடிச்சப்போ தொந்தரவுன்னுச்சு, நான் நின்னப்போ தூங்கிடுச்சு. எதைத் தூங்க வைக்கணும்னு தெரியாதவங்க கையில ஏன்யா எங்களைக் கொடுத்தாங்க?"

ஒரு வார்த்தையாவது வரும்னு இயக்குநர் முகத்தைப் பார்த்துட்டே இருந்தேன். அவர் யோசிச்சார். நிஜமாவே யோசிச்சார். அப்புறம் கம்ப்யூட்டர்காரர் பக்கம் திரும்பி, "இந்த அம்மாவுக்குள் இருக்கும் அந்தப் பெட்டி மருத்துவமனைச் சொத்துதானே? நம் வரம்புக்குள் வருமா?"ன்னு கேட்டார்.

எனக்குக் கை பரபரன்னுச்சு. வீல் ஸ்பேனர் வண்டியில இருந்தது அவர் நல்ல நேரம். கம்ப்யூட்டர்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். லைட் அணைஞ்சுது.

கும்மிருட்டு. முதல்ல யாரோ பழக்கத்துல கையை ஆட்டற சத்தம். அப்புறம் எல்லாரும். வளையல் சத்தம், வாட்ச் மேஜையில இடிக்கற சத்தம். "நான் ஆட்டுகிறேன், நான் ஆட்டுகிறேன்"னு கோப்பைப் பக்கத்துலேர்ந்து இயக்குநர் குரல். அவர் நாற்காலி எதிர்முனையில காலியா கிடக்கு. யாராவது எழுந்து போய் அதுல உட்கார்ந்து ஒரு அசைவு அசைஞ்சா போதும். அது அங்க இருக்கற எல்லாருக்கும் தெரியும். இயக்குநர் நாற்காலியில உட்கார எவனுக்குத் தைரியம் இருக்கு? இருட்டுல அவர் நகரப் போய், கோப்பை கீழ விழுந்து உருண்டுச்சு.

நான் இவ மணிக்கட்டைப் பிடிச்சு, சுவரைத் தடவிக் கதவைக் கண்டுபிடிச்சு வெளியில கூட்டிட்டு வந்தேன். பின்னாலேயே கம்ப்யூட்டர்காரரும் வந்துட்டார். கதவு தானா மூடிக்குச்சு. வராண்டாவுல நல்ல வெயில். உள்ளே இன்னும் கை ஆட்டிட்டிருக்கற சத்தம் கேட்டுது. இவளுக்கு மனசு கேக்கலை. நின்னுட்டா.

"பாவங்க, இருட்டுல தவிக்கறாங்க. யாரையாவது கூப்பிட்டுக் கதவைத் திறந்து விடச் சொல்லலாமே."

என் விரலுக்கடியில அவ நாடி ஓடிட்டிருந்தது. ஒண்ணு விடாம, ரொம்ப அடிக்கடி.

"ஒண்ணும் ஆகாது, நட" அப்படின்னேன். "சாகலை. தூங்கறாங்க."